ஓட்டினால் நஷ்டம்... கட்டினால் வளர்ச்சி!

பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. கண்டக்டர் பாதிப் பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். கையில் ஃபைலோடு கோர்ட் அமீனா வந்து டிரைவர் பக்கத்துக் கதவருகே நிற்கிறார். பின்னால் ஒரு வக்கீல். அவருக்கும் பின்னால், எப்போதோ நடந்த விபத்தில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து ஒருவர். முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. ஏறி உட்கார்ந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அடுத்த வண்டி எந்த ரேக்கில் நிற்கிறது என்று விசாரிக்கிறார்கள். ‘நஷ்டஈடு வழங்காத அரசு பஸ் ஜப்தி’ என்று மறுநாள் மாவட்டப் பதிப்பில் ஒற்றைக் காலம் செய்தி வரும். தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கும் பழக்கம் உள்ள யாருக்கும் இது புதிதல்ல.

ஓட்டை ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கூட இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மட்டும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு விலக்குத் தருகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டுவதற்குப் பதிலாகக் கழகமே ஒரு நிதியை ஒதுக்கி வைத்து, விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிலிருந்து கொடுக்க வேண்டும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீசலுக்கும் சம்பளத்துக்குமே முட்டிமோதும் கழகத்தில் அந்த நிதி எல்லோருக்கும் எட்டுவதில்லை. தீர்ப்பு வந்து, வட்டி ஏறி, நிறைவேற்று மனு போட்டு, கடைசியில் பஸ்ஸைக் கொண்டுபோய்க் கோர்ட் வளாகத்தில் நிறுத்தினால்தான் காசோலை நகர்கிறது.

சில லட்சங்களுக்காக இப்படி வண்டியைப் பறிகொடுத்து நிற்கும் இதே அரசுதான், சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. மேம்பாலத்துக்கு 621 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பாலம் எத்தனை கோடி சம்பாதித்துக் கொடுக்கும் என்று சட்டமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். பாலம் என்றால் வளர்ச்சி. பஸ் என்றால் நஷ்டம். நம்முடைய போக்குவரத்துக் கொள்கை எத்தனையோ பக்கங்களில் அச்சிடப்பட்டிருந்தாலும், நடைமுறையில் அது இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

பல்லவனும் பாண்டியனும்

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1972-ல் கலைஞர் அரசு பஸ் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியபோது, சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று மூவேந்தரோடு பல்லவரையும் சேர்த்துப் பெயர் வைத்துக் கழகங்களைத் தொடங்கியது. பிறகு அண்ணா, கட்டபொம்மன், தந்தை பெரியார், திருவள்ளுவர் என்று வரிசை நீண்டது. தென்மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்த 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு, இன்றைய வறட்டுப் பெயர்கள் வந்தன. இப்போது எட்டுக் கழகங்கள், சுமார் 20,000 பஸ்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம் அந்த பஸ்கள் போன இடங்கள். ‘டவுன் பஸ்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் கிராமத்து பஸ்தான். காலையில் முதல் சிங்கிள் ஊருக்குள் வந்து பால் கேனையும் பள்ளிப் பிள்ளைகளையும் பூக்கூடையையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும். சாயங்காலம் கடைசி சிங்கிளில் அதே முகங்கள் திரும்பும். சில ஊர்களில் இரவு அங்கேயே தங்கி விடியலில் கிளம்பும் ‘ஹால்ட்’ வண்டி உண்டு. டிரைவரும் கண்டக்டரும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே ஆகிவிடுவார்கள். லாபம் வரும் ரூட்டில் மட்டும் வண்டி ஓட்டுவது என்று ஒரு வியாபாரி முடிவெடுத்தால் இந்த ஊர்களில் பாதிக்கு பஸ்ஸே போகாது. வட மாநிலங்கள் பலவற்றில் அதுதான் நடந்தது. ஜீப்பிலும் ஷேர் ஆட்டோவிலும் தொற்றிக்கொண்டு போகும் கூட்டத்தை அங்கே இன்றைக்கும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நிற்காமல் கல்லூரிக்குப் போனதற்கும், திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகளுக்கு ஆள் கிடைத்ததற்கும் பின்னால் இந்த வண்டிகள் இருக்கின்றன. அந்த வரவை எந்தக் கழகத்தின் வரவு-செலவு அறிக்கையிலும் எழுத முடியாது. செலவு மட்டும் துல்லியமாக எழுதப்படுகிறது.

எழுதியும் காட்டினார்கள். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்றது. அன்றைக்கு எல்லாப் பத்திரிகைகளும் இந்த எண்ணைத்தான் தலைப்பில் போட்டன. டீக்கடை வரை அது போய்ச் சேர்ந்தது. ‘ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் லாபம்தானே’ என்று கிண்டலும் வந்தது. ஆனால் அந்த 59 ரூபாய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி டீக்கடை வரை போகவில்லை.

ஏழு ஆண்டு தாண்டிய அதே டிக்கெட்

முதல் பதில் கட்டணம். கடைசியாக 2018 ஜனவரி 20-ம் தேதி எடப்பாடி பழனிசாமி அரசு கட்டணத்தை உயர்த்தியது. அதற்கு முன் 2011 நவம்பரில் ஜெயலலிதா. ஆறு ஆண்டு உயர்த்தாமல் இருந்துவிட்டு ஒரே ராத்திரியில் ஏற்றினால் என்ன ஆகும்? மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். ஒன்பதே நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். வெளியூர் சாதாரண பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 42 காசிலிருந்து 60 காசுக்குப் போய், 58 காசில் வந்து நின்றது. அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க எந்த ஆட்சிக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 66 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025-ல் 92 ரூபாயைத் தாண்டியது. இடையில் சம்பளம் ஏறியது, டயர் விலை ஏறியது. டிக்கெட் மட்டும் ஏறவில்லை. பக்கத்து கர்நாடகம் பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்துக்கொண்டே 2025 ஜனவரியில் மற்றவர்களுக்கான கட்டணத்தை 15 சதவிகிதம் உயர்த்தியது. கோபம் வந்தது, வழக்கமான ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆட்சி கவிழவில்லை.

கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பது ஏழைக்குச் செய்யும் உதவி என்று நம் அரசியல்வாதிகள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் அந்த உதவிக்கான பணத்தை யார் கொடுப்பது? உயர்த்தாத கட்டணத்தின் பாரத்தை அரசு கஜானா முழுதாக ஏற்றுக்கொண்டதா என்றால் இல்லை. அது வேறு யார் யார் தலையிலோ இறங்கியது. முதலில் வண்டியின் தலையில். எட்டு லட்சம், பத்து லட்சம் கி.மீ. ஓடி ஓய்ந்த பஸ்களைப் பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். மழை பெய்தால் உள்ளே குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் பயணிகளின் வீடியோ ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும். அடுத்து தொழிலாளியின் தலையில். சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., சொசைட்டிப் பணத்தைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் கழகங்கள் ஓட்டச் செலவுக்கு எடுத்துக்கொள்கின்றன என்பது தொழிற்சங்கங்கள் பல ஆண்டாகச் சொல்லும் புகார். ரிட்டயர்டு ஆன டிரைவர் பணிக்கொடைக்காகவும் அகவிலைப்படிக்காகவும் கோர்ட் படியேறினார். 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முன்பாக நடந்த வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றே ஓய்வூதியர்களுக்கான அந்த அகவிலைப்படி நிலுவைதான்.

மூன்றாவதாக, பயணியின் தலையிலும்தான். சாதாரணக் கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்கும் என்றாலும், அந்த வெள்ளை போர்டு வண்டி வருவதற்குள் இரண்டு டீலக்ஸ் போய்விடுகிறது. டீலக்ஸ் என்றால் தனிச் சொகுசு எதுவும் தேட வேண்டாம். போர்டும் டிக்கெட் விலையும்தான் வேறு. உயர்த்தாத கட்டணத்தை இப்படிப் பின்வாசல் வழியாக வாங்கிக்கொள்ளும் வித்தை எல்லா ஆட்சியிலும் உண்டு. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்பவர் டீலக்ஸில் ஏறுகிறார். அதுவும் சரிப்படாதவர் தவணையில் பைக் வாங்குகிறார். சென்னையில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநகர பஸ்ஸில் தினமும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இப்போது 30 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. நகரம் வளர்ந்திருக்கிறது, பஸ் பயணி குறைந்திருக்கிறார். கொரோனா ஒரு காரணம், மெட்ரோ ஒரு சிறு காரணம். நின்று நின்று சலித்துப்போனது பெரிய காரணம். பைக்குக்கு மாறியவர்களின் கதை எங்கே போய் முடிகிறது என்பதற்கும் அரசுக் கணக்கு இருக்கிறது: 2023-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 18,347 பேர். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் இதில் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அதிகாலை ஐந்தரை மணிக் கூட்டம்

இந்தப் பின்னணியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2021 மே 7-ம் தேதி பதவியேற்ற மு.க.ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே அமலுக்கு வந்தது. பிறகு திருநங்கையர், மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டது. ‘விடியல் பயணம்’ என்று பெயரும் பெற்றது. டெல்லி நமக்கு முன்பே, 2019-ல் தொடங்கியிருந்தது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-லும் ஆந்திரம் 2025-லும் பின்தொடர்ந்தன.

இந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ள பட்ஜெட் உரை உதவாது. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் போய் நிற்க வேண்டும். நகரத்தின் நடுவில் கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களைப் பெயர்த்தெடுத்து இருபது கி.மீ. தள்ளிக் குடியமர்த்திய இடங்கள் இவை. வீடு மாறியது, வேலை மாறவில்லை. அடையாறிலும் மயிலாப்பூரிலும் பாத்திரம் கழுவி, வீடு பெருக்கி, காய்கறி நறுக்கிக் கொடுக்கும் பெண்கள் இருட்டோடு பஸ் ஏறுகிறார்கள். இடுப்பில் செருகிய சுருக்குப் பை, கையில் ஒரு வயர் கூடை. கண்டக்டர் எண்ணிப் பார்த்து பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட்டுகளைக் கத்தையாகக் கிழித்து முன்சீட்டில் கொடுக்க, அது கை மாறி மாறிப் பின்னால் போகிறது. பெரும்பாலானவர்கள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். செக்கிங் ஏறினால் காட்ட வேண்டுமே! ஒரு வீட்டு வேலைக்கு மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்குகிறவருக்கு, போக வர டிக்கெட் காசு மிச்சம் என்பது இன்னொரு வீட்டில் வேலை செய்து வாங்கும் சம்பளத்தின் ஒரு பங்கு.

மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இன்று ஏறுகிறவர்களில் பெண்களே பெரும்பான்மை. ஆண்களிடம் கைநீட்டாமல் மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்குப் போய் வருவது, பிரசவத்துக்கு முன் செக்கப்புக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவது, கிராமத்துச் சந்தையைவிட டவுன் மார்க்கெட்டில் நல்ல விலை கிடைத்தால் கீரைக்கட்டோடு அங்கே போவது... இதெல்லாம் அந்த 888-க்குள் வராது.

இதைத்தான் ‘ஓசிப் பயணம்’ என்று மேடையில் பேசி மாட்டிக்கொண்டார் ஓர் அமைச்சர். பிரதமர் மோடியோ 2024 மக்களவைத் தேர்தல் நேரத்துப் பேட்டி ஒன்றில், பெண்களை இலவசமாக பஸ்ஸில் ஏற்றினால் மெட்ரோவுக்கு ஆள் குறையும் என்ற பொருளில் பேசினார். மெட்ரோ என்ற பெரிய முதலீட்டைக் காப்பாற்ற வேலைக்காரப் பெண் டிக்கெட் வாங்க வேண்டும் என்கிற தர்க்கம் எனக்கு விளங்கவில்லை.

2025-26 பட்ஜெட்டில் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி, மாணவர் பஸ் பாஸுக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி என்று ஒதுக்கியிருந்தார்கள். மூன்றும் சேர்ந்து ஏழாயிரத்து இருநூறு கோடிக்கு மேல். சிறிய தொகை அல்ல. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இலவசப் பயணம் வந்த பிறகு அரசு தன் கழகங்களுக்குப் பயணிக்கான காசை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது. இலவசம் கழகத்தைக் கெடுத்தது என்று பேசுகிறவர்கள், ஏறிய ஒவ்வொரு பெண்ணுக்கும் டிக்கெட் எண்ணப்பட்டு அரசிடம் பில் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கட்டணம் உயராததுதான் கெடுத்தது. அதற்கு யாரும் பில் போடவில்லை.

குறையும் இருக்கிறது. பஸ் இலவசம், ஆனால் பஸ் வர வேண்டுமே! ஏறுகிறவர் கூடினால் வண்டியும் கூட வேண்டும். அந்த வேகத்தில் கூடவில்லை. முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்தார்கள், தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது. ஆண்கள் நிறைந்த வண்டியில் ஏற வந்த பெண்ணைப் பார்த்து நிறுத்தாமல் போகும் டிரைவர்கள் மீது புகார் ஓய்ந்தபாடில்லை. டவுன் பஸ் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர்ப் பெண்கள் இன்றும் வெளியூர் பஸ்ஸில் முழுக்கட்டணம்தான் கொடுக்கிறார்கள்.

77 ரூபாய் என்றால் ஒப்பந்தம், 59 ரூபாய் என்றால் நஷ்டமா?

2025 ஜூன் 30-ம் தேதி சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. தாழ்தளம், சத்தமில்லாத ஓட்டம், சக்கர நாற்காலி ஏற வழி. பார்க்க நன்றாகவே இருக்கின்றன. உலக வங்கி உதவியோடு வந்த இந்தத் திட்டத்தில் வண்டி தனியார் கம்பெனியுடையது, டிரைவரும் அவர்கள் ஆள். கண்டக்டரும் டிக்கெட் வசூலும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இத்தனை என்று கழகம் கொடுத்துவிட வேண்டும். ஏ.சி. இல்லாத வண்டிக்கு அந்தத் தொகை கி.மீ.க்கு 77 ரூபாயை ஒட்டி வருகிறது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கலெக்‌ஷன் வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்கு அந்தக் காசு உண்டு.

இந்த ஏற்பாட்டைத் தனியார்மயம் என்று இடதுசாரி சங்கங்கள் எதிர்க்கின்றன. கழகத்து டிரைவர் வேலை சுருங்கும் என்ற அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. எனக்கு வேறொரு கேள்வி. ஒரு கம்பெனியிடம், ‘நீ இத்தனை வண்டியை, இந்த ரூட்டில், இத்தனை நடை ஓட்டு. டிக்கெட் வசூலைப் பற்றிக் கவலைப்படாதே. ஓடிய தூரத்துக்குப் பணம்’ என்று அரசால் கையெழுத்துப் போட முடிகிறது. பொதுப் போக்குவரத்து டிக்கெட் காசில் மட்டும் ஓடாது, அரசு பணம் போட்டே ஆக வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் அரசே ஒப்புக்கொள்கிறது. அப்படியென்றால் ஐம்பது ஆண்டுக்கு மேல் தன்னிடமே வேலை பார்க்கும் கழகத்தோடு அதே மாதிரி ஓர் ஒப்பந்தம் ஏன் இல்லை? கம்பெனிக்குக் கொடுத்தால் சேவைக் கட்டணம். கழகத்துக்குக் கொடுத்தால் நஷ்டத்தை ஈடுகட்டல், கடன், வட்டி, முன்பணம். ஆண்டுக் கடைசியில் கழகம் தலைகுனிந்து நிற்க, அமைச்சர் ‘நஷ்டத்திலும் மக்களுக்காக ஓட்டுகிறோம்’ என்று பெருந்தன்மையோடு பேசுவார்.

கிலோமீட்டர் கணக்கில் பணம் கிடைத்தால் இன்னொன்றும் நடக்கும். டிரிப்பை கட் செய்தால் கழகத்துக்குக் காசு போய்விடும். இப்போது என்ன நிலை? ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை, டிரைவர் லீவு, கலெக்‌ஷன் குறைவு என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி கிராமத்து நடையை நிறுத்தினால் கழகத்துக்குச் செலவு மிச்சம். ஓட்டாமல் இருப்பதற்குப் பரிசு தரும் கணக்கு இது. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ‘கடைக்கோடிக்கும் பஸ்’ என்று பேசுவதில் பொருள் இல்லை.

மெட்ரோ வரட்டும், ஆனால்...

இப்போது அடுத்த பக்கம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டமும் அதன் நீட்டிப்பும் சேர்ந்து 54 கி.மீ. இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மதிப்பீடு 63,246 கோடி. கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுக்கும்வரை, இது மாநிலத் திட்டம் என்று சொல்லி டெல்லி கையைக் கட்டிக்கொண்டிருந்தது. வாங்கிய கடன் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் ஏறியது. 2024-25 பட்ஜெட்டில் மட்டும் 12,000 கோடியை மெட்ரோவுக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு விடியல் பயணத்துக்கு ஒதுக்கிய தொகை 3,050 கோடி.

மெட்ரோ வேண்டாம் என்பவன் அல்ல நான். அண்ணா சாலையிலும் பூந்தமல்லி சாலையிலும் இனி எத்தனை பஸ் விட்டாலும் நெரிசலில்தான் நிற்கும். நல்ல ரயில் தேவை. ரயில் பாதை பல தலைமுறைக்கு நிற்கும், பஸ் பத்து ஆண்டில் பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும் என்பதும் உண்மை. ஆனாலும் அளவு தெரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-26 பட்ஜெட்டில் 3,000 புது பஸ்களுக்கு 1,031 கோடி என்றார்கள். வண்டி ஒன்று 34 லட்சம். மெட்ரோவின் ஒரே ஒரு கிலோமீட்டர் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு பஸ் வாங்கலாம். அண்ணா சாலைப் பாலத்தின் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு. சென்னை மாநகரில் ஓடும் மொத்த பஸ்களே மூவாயிரத்துச் சொச்சம்தான்.

வாங்கலாம் சரி, ஓட்டுவது யார்? அங்கேதான் முடிச்சு. பாலமும் ரயிலும் மூலதனச் செலவு. ஜப்பானும் ஆசிய வங்கிகளும் கடன் தருகின்றன, அடிக்கல்லும் திறப்பு விழாவும் இருக்கின்றன, பெயர்ப்பலகை நிற்கிறது. பஸ் ஓட்டுவது வருவாய்ச் செலவு. மாதா மாதம் சம்பளம், தினம் தினம் டீசல். எந்த வங்கியும் ஒரு டிரைவரின் சம்பளத்துக்குக் கடன் தராது. ஒரு பஸ் சரியாக ஏழு மணிக்கு வந்தது என்பதற்கு எந்த முதலமைச்சரும் ரிப்பன் வெட்ட முடியாது.

இது எப்படிப் போய் முடியும் என்பதற்குச் சென்னையின் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் நல்ல உதாரணம். 88 ஏக்கரில், ஏறக்குறைய 394 கோடி செலவில் கட்டி, 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தார்கள். பளிங்குத் தரை, எஸ்கலேட்டர், விமான நிலையம் மாதிரி ஹால். பக்கத்திலேயே தாம்பரம்-செங்கல்பட்டு ரயில் பாதை ஓடுகிறது. திறந்தபோது இறங்கி ஏற ஸ்டேஷன் இருக்கவில்லை. நடைமேம்பாலமும் இருக்கவில்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டத் தடுமாறினார்கள். திறந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத பிப்ரவரியில், ஒரு வார இறுதி நள்ளிரவில் ஊருக்குப் போக பஸ் இல்லை என்று பயணிகள் மறியலில் உட்கார்ந்தார்கள். 394 கோடி ரூபாய் பஸ் நிலையத்தில் பஸ் இல்லை!

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ கேட்டு மாநிலம் அனுப்பிய திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. இரண்டும் சேர்ந்து 22,000 கோடியை ஒட்டியவை. 2017-ம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011 கணக்கெடுப்பை வைத்து 2025-ல் முடிவெடுப்பது அபத்தம் என்று மாநிலம் கேட்டதில் நியாயம் உண்டு. பிற மாநிலச் சிறு நகரங்களுக்குக் கொடுத்தீர்களே என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. இரு தரப்பும் வாரக்கணக்கில் அறிக்கைப் போர் நடத்தின. அந்த அறிக்கைகளில், மதுரையில் இன்று எத்தனை டவுன் பஸ் ஓடுகிறது, பெரியார் நிலையத்தில் மாலை ஆறு மணிக்குப் பெண்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், கோவை அவினாசி சாலையில் பத்து கி.மீ.க்கு நீண்ட மேம்பாலம் கட்டிய பிறகு கீழே ஓடும் பஸ்ஸின் வேகம் கூடியதா என்று ஒரு வரி இருந்ததாக நினைவில்லை. மெட்ரோ மறுக்கப்பட்டால் அது மாநில உரிமைப் பிரச்சினை. டவுன் பஸ் மறுக்கப்பட்டால் அது பயணியின் தலையெழுத்து.

2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையில் நகர வேண்டியது வாகனங்கள் அல்ல, மனிதர்கள் என்று எழுதிவிட்டது. ஆமதாபாத் 2009-ல் பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டது, இன்றும் ஓட்டுகிறது. டெல்லி போட்டு, கார்க்காரர்களின் கூச்சலுக்குப் பயந்து 2016-ல் பெயர்த்து எடுத்தது. சென்னை அதைப் பற்றிப் பல முறை அறிக்கை வாங்கியது, அவ்வளவுதான். பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவரும் சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் வந்தது. குழுமம் அமைய 2019 ஆனது. மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில்தான் கைக்கு வந்தது. பதினைந்து ஆண்டு! செயலி நன்றாகவே இருக்கிறது. பஸ் எங்கே வருகிறது என்று போனில் தெரிகிறது. நாற்பது நிமிடம் என்று அது காட்டினால் என்ன செய்வது என்பதற்குத்தான் செயலியில் பதில் இல்லை.

கேட்க வேண்டியது

கட்டணத்தை ஆண்டுக்கொரு முறை டீசல் விலையோடும் சம்பளத்தோடும் சேர்த்துச் சிறிது சிறிதாக மாற்றலாம். ஆறு ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் ஏற்றுவதைவிட அது கௌரவமானது. அதையும் மக்கள் மேல் சுமத்த விரும்பவில்லை என்றால், அந்த வித்தியாசத்தைக் கி.மீ.க்கு இத்தனை என்று கழகத்துக்கு மாதம் தவறாமல் அரசே கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று. இரண்டும் இல்லாமல் பஸ்ஸைப் பழசாக்கி, ரிட்டயர்டு ஆனவரைக் கோர்ட்டுக்கு அலையவிட்டு, ‘கட்டணம் உயர்த்தவில்லை’ என்று மேடையில் தட்டிக்கொள்வது ஏமாற்று. இதில் தி.மு.க., அ.தி.மு.க. என்று பேதமில்லை.

ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கை வரும்போது, கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது, யாரும் படிக்கலாம். கழகவாரியாக எத்தனை பஸ், எத்தனை பணியாளர் என்பது அதில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு எத்தனை நடை அனுமதி, அதில் நேற்று எத்தனை ஓடியது என்பது அதில் இல்லை. அந்தக் கணக்கு உங்கள் டிப்போவில், டைம் கீப்பரின் நோட்டில் இருக்கிறது. அதை மாதா மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். புது மேம்பாலம் கேட்டு மனு கொடுக்க எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகிறவர்கள், நின்றுபோன ஆறு மணி வண்டிக்கும் ஒரு மனுவைச் சேர்த்து எடுத்துப் போங்கள்.